பாஸ் இருக்கிறது, பஸ் எங்கே? பள்ளிக்கூடத்துக்கும் சேரிக்கும் நடுவிலுள்ள தூரத்தின் வரலாறு

காலை ஏழு மணிக்கு ஓசூரில் சிப்காட் பக்கம் போகும் சாலையோரம் நின்று பாருங்கள் தோழர்களே. தொழிற்சாலைகளின் ஷிப்ட் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரி, பாகலூர், ராயக்கோட்டை என்று நாலா திசையிலிருந்தும் தொழிலாளர்களை அள்ளிக்கொண்டு வரும். அவற்றுக்கு நடுவே தனியார் பள்ளிகளின் மஞ்சள் பேருந்துகளும் வேன்களும் ஓடும். அதே சாலையில் அரசுப் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் காத்து நிற்பார்கள். டவுன் பஸ் வந்தால் கூட்டத்தில் தொங்குவார்கள். வராவிட்டால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு தேடுவார்கள், அல்லது நடப்பார்கள்.

தொழிற்சாலைக்கு உழைப்பு வேண்டும். அதனால் தொழிலாளியின் ஊர் முனைக்கே பேருந்து போகிறது. தனியார் பள்ளிக்குக் கட்டணம் வேண்டும். அதனால் அதன் வேன் வீட்டு வாசலுக்கு வருகிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை வகுப்பறையில் கொண்டுசேர்ப்பது யார் பொறுப்பு? "அதான் இலவச பஸ் பாஸ் கொடுத்திருக்கிறோமே" என்பது நமக்குக் கிடைக்கும் பதில். அந்தப் பதில் ஏன் பாதிப் பதில் என்று புரிய வேண்டுமானால் நூறு வருடத்துக்கும் மேலான ஒரு வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

வண்டியும் பள்ளியும்

திருவிதாங்கூரில் 1893இல் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கினார். புலையர் நடக்கவே தடை இருந்த பொதுச்சாலையில் அந்த வண்டியை ஓட்டிப் போனார். சாதி இந்துக்கள் மறித்தார்கள், அடிதடி நடந்தது, அவர் பின்வாங்கவில்லை. அதே அய்யன்காளிதான் பிறகு பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குள் அழைத்துப் போனவர். அந்தப் பள்ளியைச் சாதி வெறியர்கள் தீவைத்துக் கொளுத்தினார்கள். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று உழவுத் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தவரும் அவரே. சாலை, வண்டி, பள்ளி மூன்றும் ஒரே போராட்டம் என்பது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

1901இல் மராட்டிய மண்ணில் நடந்த ஒரு பயணத்தை அண்ணல் அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். சிறுவனான அவரும் உடன்வந்த பிள்ளைகளும் கொரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். நல்ல உடுப்பு போட்டிருந்ததால் நிலைய அதிகாரி அன்பாகத்தான் பேசினார். மகர் என்று தெரிந்ததும் முகம் மாறியது. எந்த மாட்டுவண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் இரட்டை வாடகைக்கு ஒருவர் ஒத்துக்கொண்டார். அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். கையில் காசு இருந்தும் வண்டி கிடைக்காத குழந்தைகள் அவர்கள்.

இங்கே தமிழ்நாட்டில், தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த நாட்களை 1939இல் வெளிவந்த தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் சொல்கிறார். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பள்ளிக்கு வெளியே எங்காவது ஒதுங்கியிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் படிப்பு அல்ல. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியும் படிப்பின் பகுதிதான். அந்த வழி யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சாதி முதலில் கை வைத்தது. அந்தச் சிறுவன் வளர்ந்து சென்னை சட்டமன்ற உறுப்பினரானபோது, பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதிலும் ஒடுக்கப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1925இல் அது அரசிதழில் வந்தது. காகித அளவிலாவது சாலை நமக்குத் திறந்தது.

டிக்கெட்டில் அச்சடித்த சாதி

சாலை திறந்த கொஞ்ச காலத்திலேயே அதில் மோட்டார் பஸ்கள் ஓடத் தொடங்கின. தனியார் முதலாளிகளின் பஸ்கள். ஆதிதிராவிடருக்கு இடமில்லை என்று பயணச்சீட்டிலேயே அச்சடித்த முதலாளிகள் இருந்தார்கள். 1920களின் இறுதியில் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் இதைக் கையில் எடுத்தார். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்டார். வேண்டுகோளோ உபதேசமோ செய்துகொண்டிருக்கவில்லை. உரிமத்தில் கை வைத்தார். முதலாளிகள் வழிக்கு வந்தார்கள்.

பிறகு 1938இல் சென்னை மாகாணத்தில் வந்த சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டமும், சுதந்திர இந்தியாவின் 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டமும் பொது வாகனத்தில் ஏறுவதைத் தடுப்பதைக் குற்றமாக்கின. இப்படி ஏறும் உரிமை கிடைத்தது.

1938இல் மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் ராஜாஜி. அவர் நம் ஓசூருக்குப் பக்கத்திலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர். அவருக்கு ஐந்து வயதானபோது குடும்பமே ஓசூருக்குக் குடிபெயர்ந்தது. ஓசூர் அரசுப் பள்ளியில் படித்தார், அங்கிருந்து பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குப் போனார். பள்ளி தூரமாக இருந்தால் வீட்டையே பள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுபோக ஒரு முன்சீப் குடும்பத்தால் முடிந்தது. அதே தொரப்பள்ளியின் சேரிப் பிள்ளையால் அன்றைக்கு அது முடிந்திருக்குமா? 1953இல் அவரே முதலமைச்சராக இருந்து, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நாள் அப்பன் தொழிலிலும் இருக்கட்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் அதை எதிர்த்து நின்றார்கள். 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

ஒரு மைல் கணக்கு

காமராசர் ஆட்சி தூரத்தைக் கணக்குப் போட்டது. 300 பேர் வாழும் ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி, ஒரு மைலுக்குள் பிள்ளை நடந்துபோகும்படி இருக்க வேண்டும் என்பது இலக்கு. பிள்ளை பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போகட்டும் என்ற இந்த யோசனை நம் தாத்தா பாட்டிகளில் பலரை முதல் தலைமுறைப் படிப்பாளிகளாக்கியது. அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் பள்ளிக் கட்டடம் பெரும்பாலும் ஊருக்குள்தான் எழுந்தது. ஒரு மைல் என்பது ஊரிலிருந்து அளந்த மைல். சேரியிலிருந்து அளந்தால் கணக்கு மாறும். அந்த ஒரு மைலுக்குள் யார் தெரு வருகிறது, யார் திண்ணை வருகிறது என்பது வரைபடத்தில் தெரியாது.

1972இல் கலைஞர் ஆட்சி பஸ்களை அரசுடைமையாக்கத் தொடங்கியது. பல்லவன், பாண்டியன், சேரன் என்று போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. லாபம் இல்லாத கிராம வழித்தடத்திலும் பஸ் ஓட வேண்டும் என்று கேட்கிற உரிமை மக்களுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். 1990களில் பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை வந்தது. டிக்கெட் காசு இல்லாததால் படிப்பு நின்ற காலம் முடிந்தது. இது மிகப் பெரிய வெற்றி. வட இந்தியத் தோழர்களிடம் சொன்னால் வியந்து கேட்பார்கள்.

அடுத்தது சைக்கிள். இன்றைக்கு எல்லா அரசுப் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கும் இலவச சைக்கிள் முதலில் யாருக்காக வந்தது தெரியுமா? 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத்தான் ஜெயலலிதா ஆட்சியில் அந்தத் திட்டம் தொடங்கியது. 2005-06க்குள் எல்லாச் சாதி மாணவ மாணவிகளுக்கும் அது விரிந்தது. சேரிப் பெண்பிள்ளையின் கஷ்டத்தை அளவுகோலாக வைத்துப் போட்ட திட்டம் ஊர் முழுவதற்கும் பயன்பட்டது. "எஸ்.சி.க்கு மட்டும் ஏன் சலுகை" என்று கேட்கும் வகுப்புத் தோழரிடம், அவர் ஓட்டிவரும் சைக்கிளின் வரலாற்றை நீங்கள் அமைதியாகச் சொல்லலாம்.

பேருந்தின் பெயரும் பேருந்துக்குள் சாதியும்

சட்டம் வந்துவிட்டது, பாஸ் வந்துவிட்டது, இனிச் சாதிக்குப் பஸ்ஸில் என்ன வேலை என்று நினைத்தால் 1997ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கட்டபொம்மனின் தளபதியான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் அந்த ஆண்டு விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. தேவேந்திரர் சமூகத்தில் பிறந்த ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது.

அதுவரை நம் தருமபுரிப் பக்கம் ஓடிய கழகத்தின் பெயர் அன்னை சத்யா, எம்.ஜி.ஆரின் தாயார் பெயர். அந்தப் பெயரில் ஏற யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. வேறு எத்தனையோ தலைவர்கள் பெயரில் பஸ்கள் ஓடின, ஒரு கலவரமும் இல்லை. ஒரு தலித் வீரனின் பெயர் வந்ததும் எல்லாப் பெயரும் போயின. உங்கள் ஊருக்கு வரும் அரசுப் பேருந்தில் இன்று தலைவர் பெயர் எதுவும் இல்லாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பகுதியில், தேர்வு எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவரை ஒரு கும்பல் வழியில் இறக்கி வெட்டியது. அவருடைய விரல்கள் துண்டாயின. தேர்வு நாளில் எழுதும் விரல்களை வெட்டினார்கள். எனவே பள்ளிப் போக்குவரத்து என்று நாம் பேசும்போது சக்கரத்தையும் டீசலையும் மட்டும் பேசவில்லை. பாதுகாப்பையும் சேர்த்தே பேசுகிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது

2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011இல் வகுத்த விதிகளின்படி ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். பள்ளி இல்லாத சிறு குக்கிராமப் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்து, தங்குமிடம் போன்ற ஏற்பாடுகளை அரசு செய்ய வேண்டும் என்று ஒன்றிய அரசின் விதிகள் சொல்கின்றன. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இதற்காக ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை ஒதுக்க வழி இருக்கிறது. 2021க்குப் பிறகு உயர்நிலை வகுப்புகளுக்கும் இது விரிந்தது.

இதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. மூன்றும் நம் ஓசூர் எல்லைப் பகுதியில் வந்து சேருகின்றன.

முதலாவது வயது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. ஆனால் தூரம் கூடுவதே ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான். அஞ்செட்டி, தளி மலைப்பக்கக் கிராமங்களில் எட்டாவது முடித்த பெண்பிள்ளை அடுத்த பள்ளிக்குப் போகக் காட்டுப்பாதையும் ஒன்றிரண்டு பஸ்ஸும்தான் வழி. மாலை வகுப்பு முடிந்து அந்தப் பஸ்ஸைத் தவறவிட்டால் இருட்டுவதற்குள் வீடு சேர முடியாது. "போனது போதும், வீட்டில் இரு" என்று பெற்றோர் சொல்லும் இடம் அதுதான். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அடுத்து வருவது கல்யாணப் பேச்சு. இந்த மாவட்டத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது பற்றி எவ்வளவோ கூட்டங்கள் நடக்கின்றன. அந்தக் கூட்டங்களில் பஸ் நேரத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

இரண்டாவது நகரம். போக்குவரத்து ஏற்பாடு என்றால் சட்டம் எழுதியவர்களுக்கு மலைக் குக்கிராமம்தான் நினைவுக்கு வந்தது. நகரத்தில் பள்ளிகள் பக்கத்தில் இருக்கும், நடந்து போய்விடுவார்கள் என்று எண்ணிவிட்டார்கள். 2019இல் மாநகராட்சியான ஓசூரைப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை 44 ஊரைக் கிழித்துக்கொண்டு போகிறது. ரயில் பாதை இன்னொரு பக்கம். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்கு, கன்டெய்னர் லாரிகள் பறக்கும் சாலையை ஆறு வயதுப் பிள்ளை தாண்ட வேண்டும். அந்தப் பிள்ளையின் பெற்றோர் இருவரும் ஷிப்டில் இருப்பார்கள். கையைப் பிடித்துக் கடத்திவிட ஆள் இருக்காது. ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்து கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் தங்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்பதே தெரியாது. தெலுங்கு, கன்னடம் பேசும் மாதிகா, ஹொலெயா குடும்பங்கள் இந்த எல்லையில் நிறைய. வீட்டு மொழியில் படிக்க வேண்டுமானால் அந்த வழிப் பள்ளி எல்லா ஊரிலும் இல்லை. தூரம் இன்னும் நீளும்.

மூன்றாவது பஸ். இலவச பாஸ் அரசுப் பஸ்ஸில்தான் செல்லும். தனியார் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மட்டும் ஓடும் வழித்தடத்தில் அது வெறும் அட்டை. அரசுப் பஸ் ஓடும் இடத்திலும் பள்ளி மணிக்கும் பஸ் நேரத்துக்கும் தொடர்பு இருப்பதில்லை. சீருடைக் கூட்டத்தைக் கண்டால் காலனி நிறுத்தத்தில் நிறுத்தாமல் போகும் ஓட்டுநர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாணவர்களின் இலவசப் பயணத்துக்காகக் கழகங்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது. அது நம் வரிப்பணம். ஆனாலும் இலவசத்தில் ஏறுகிறவர் பாரம் என்ற மனம் மாறவில்லை. 2021இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த அடுத்த வருடமே ஓர் அமைச்சர் மேடையில் அதை "ஓசி" என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டது நினைவிருக்கும்.

இதற்கு மேல் நிதிச் சண்டை வேறு. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25இல் ஒன்றிய அரசு நிறுத்திவைத்த தொகை 2,152 கோடி ரூபாய் என்று தமிழ்நாடு அரசு சொல்கிறது. பள்ளிப் போக்குவரத்துக்கான பணமும் இந்தத் திட்டத்தின் வழியாகத்தான் வர வேண்டும். டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் சண்டையில் அஞ்செட்டிப் பிள்ளை நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு பஸ் கேட்டதில் தொடங்கிய தீர்ப்பு

பள்ளி பஸ் சின்ன விஷயம், சாதி ஒழிப்புப் போராட்டத்தில் இதெல்லாம் ஒரு கோரிக்கையா என்று நினைக்கும் இளைஞர்களுக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு கதை.

தென் கரோலினா மாநிலத்தின் கிளாரண்டன் வட்டாரம். 1947. அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள் ஓடின. கருப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை, மைல் கணக்கில் நடந்தார்கள். லீவை பியர்சன் என்ற கருப்பின விவசாயி, பாதிரியார் ஜோசப் டிலெய்னின் துணையோடு ஒரு மனு கொடுத்தார். அவர் கேட்டதெல்லாம் பஸ் வசதி மட்டும்தான். அவருடைய நிலம் எந்தப் பள்ளி எல்லைக்குள் வருகிறது, எங்கே வரி கட்டினார் என்று எல்லைக் கணக்குப் பேசி வழக்கை 1948இல் தள்ளிவிட்டார்கள். மக்கள் ஓயவில்லை. இன்னும் பல பெற்றோர் சேர்ந்தார்கள். பிரிக்ஸ் குடும்பத்தின் பெயரில் புதிய வழக்கு எழுந்தது. இந்த முறை பஸ்ஸோடு நிற்காமல், தனித்தனிப் பள்ளி என்ற ஏற்பாடே தவறு என்று கேட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களுக்கு வேலை போனது, ஊர் பகையானது. பிரவுன் வழக்கு என்று உலகம் அறிந்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் ஒன்று இது. பள்ளியில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1971இல் அதே நீதிமன்றம், பிரிவினையை உடைக்கப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வேறு பள்ளிகளுக்கு அனுப்பலாம் என்றும் ஒப்புக்கொண்டது. கேட்டது ஒரு பஸ். அது கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தைப் பாருங்கள்.

நம் தலைமுறையின் வேலை

நம் முன்னோர் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒன்றை வென்றார்கள். அய்யன்காளியும் இரட்டைமலை சீனிவாசனும் சாலையை வென்றார்கள். சௌந்தரபாண்டியனார் காலத்தில் பஸ்ஸில் ஏறும் உரிமை வந்தது. நம் அப்பா அம்மா காலத்தில் டிக்கெட் காசு இல்லாமல் போனது. மிச்சம் இருப்பது பஸ். சரியான நேரத்தில், சேரி முனையில் நிற்கிற, பெண்பிள்ளை பயமில்லாமல் ஏறி இறங்குகிற பஸ்.

இதைக் கேட்க நம் கையில் கருவிகள் இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக் குழுவில் நம் தெருப் பெற்றோர் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை பிள்ளைகள் எவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று தெருவிலிருந்து அளந்து எழுதித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பில் சேராமல் நின்ற பிள்ளைகளின் கணக்கையும் அதோடு சேருங்கள். கிராமசபையில் அதையே வையுங்கள். போக்குவரத்துப் படி எத்தனை பேருக்கு வந்தது, எந்த வழித்தடம் எப்போது நிறுத்தப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டம் 2024இல் தமிழ்நாட்டில் சட்டமாகியிருக்கிறது. அந்த நிதியிலிருந்து பள்ளிப் பேருந்து கேட்பதில் தவறே இல்லை. பக்கத்துக் கேரளத்தில் சட்டமன்ற உறுப்பினர் நிதியில் அரசுப் பள்ளிகளுக்குப் பேருந்து வாங்குகிறார்கள். நம் சட்டமன்ற உறுப்பினரால் மட்டும் முடியாதா?

இன்னொன்று. ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிவரும் பேருந்துகள் எந்த நேரத்தில் எந்த ஊருக்குப் போகின்றன என்று ஒருவாரம் குறித்துப் பாருங்கள். நம் அக்காக்களை வேலைக்கு அழைத்துப்போக இந்தச் சாலைகளில் வண்டி ஓட முடிகிறது. சாலை சரியில்லை, ஆள் இல்லை, கட்டுப்படியாகாது என்று அதிகாரி சொன்னால் அந்தக் குறிப்பை மேசையில் வையுங்கள்.

தங்கச்சி பள்ளிக்கூடம் போக அதே சாலையில் ஒரு வண்டி வேண்டும். கேட்போம்.

ஜெய்பீம்.